கால் தேறும்வரை கூலி யார் தருவது?

1895-ம் ஆண்டு. இங்கிலாந்து தேசத்தின் லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி படுத்திருந்தார். வயது 41. சுரங்க விபத்தில் அவருடைய முழங்கால் நாசமாகியிருந்தது. ஊன்றி நின்றால் கால் நிற்கவில்லை. நடந்தால் முட்டி இடம்விட்டு வழுக்கியது. மேயோ ராப்ஸன் என்ற டாக்டர் அந்த முட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இருக்க வேண்டிய இரண்டு நார்களும் அறுந்து கிடந்தன. ஆட்டுக் குடலில் திரித்த நூலைக் கொண்டு அவற்றைத் தைத்து மூடினார். ஆறு வருஷங்கள் கழிந்த பின்னும் அந்தத் தொழிலாளி நொண்டாமல் நடந்தார். கால் நல்ல பலமாக இருக்கிறது என்று சொன்னார். இந்த விவரத்தை அந்த டாக்டரே 1903-ல் எழுதி வெளியிட்டார்.

முழங்கால் நாரைத் தைத்துச் சீர்ப்படுத்தியதாக வைத்திய சரித்திரத்தில் பதிவான முதல் ஆபரேஷன் இதுதான். அந்த முதல் நோயாளி கால்பந்து வீரரல்ல, கிரிக்கெட் வீரருமல்ல. அவர் ஒரு தொழிலாளி!

ஆனால் இன்று என்ன சொல்கிறார்கள்? "அது விளையாட்டுக்காரர்களுக்கு வருகிற சங்கடம்" என்கிறார்கள். பெரிய ஆட்டக்காரர் ஒருவருக்கு முட்டி போனால் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் படம் வருகிறது. சாரத்திலிருந்து கால் தவறும் கட்டிடத் தொழிலாளிக்கும், மோட்டார் சைக்கிளோடு சரியும் மில் தொழிலாளிக்கும், சேற்று வயலில் கால் புதைந்து உடம்பு மட்டும் திரும்பிவிடும் விவசாயக் கூலிக்கும், கபடிக் களத்தில் பிடிபட்டு விழும் கிராமத்து வாலிபனுக்கும் அதே நார்தான் அறுகிறது. அவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை. "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்ற இரண்டு வார்த்தையோடு அவர்கள் கதை முடிந்துவிடுகிறது.

கடந்த 130 ஆண்டுகளில் இந்த வைத்தியம் வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. அந்த முன்னேற்றம் தொழிலாளியின் முழங்காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறதா? ஆபரேஷன் மேஜை வரை வந்திருக்கிறது. அதற்கு அப்பால் வரவில்லை. நமது வாதம் இதுதான்.

அறுவது எது?

தொடை எலும்பும் கெண்டைக்கால் எலும்பும் சந்திக்கும் இடம் முழங்கால். இந்த இரண்டையும் நடுவில் சிலுவை போலக் குறுக்கிட்டுக் கட்டியிருப்பவை இரண்டு நார்கள். முன்பக்கத்து நார், கீழ் எலும்பு முன்னால் நழுவிவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. கால் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு சட்டென்று திரும்பினால் இந்த நார் அறுகிறது. "டப்" என்று சத்தம் கேட்டது என்பார்கள் பலர். சில மணி நேரத்துக்குள் முட்டி பூசணிக்காய் போல வீங்கிவிடும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு சரியாக இருக்கும். "எலும்பு உடையவில்லை, போ" என்று அனுப்பிவிடுவதும் உண்டு. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நார் தெரியாது. அனுபவமுள்ள டாக்டர் கையால் இழுத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். எம்.ஆர்.ஐ. படம் அதை உறுதி செய்யும்.

இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிகிறது. நேராக நடக்க முடிகிறது. "சரியாகிவிட்டது" என்று எண்ணி வேலைக்குப் போகிறார்கள். ஒருநாள் படி இறங்கும்போது, திரும்பும்போது, முட்டி "விட்டுப் போகிறது". இப்படி ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் முட்டிக்குள் மெத்தை போலிருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு நசுங்குகிறது. அது போனால் நாற்பது வயதிலேயே மூட்டுத் தேய்மானம் தேடி வரும்.

கத்தி செய்வதும் காலம் செய்வதும்

அறுந்த நாரை அப்படியே தைத்துவிடுவது ஒரு காலத்தில் வழக்கமாயிருந்தது. அமெரிக்க ராணுவக் கல்லூரி மாணவர்களுக்கு இப்படித் தைத்து, ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பெரும்பாலோருக்கு முட்டி மறுபடியும் ஆட்டங் கண்டிருந்தது. இதை 1976-ல் வெளியிட்டார்கள். காரணம் என்ன? மூட்டுக்குள் இருக்கும் நீரில் ரத்தம் உறைந்து தங்குவதில்லை. உறைந்த ரத்தம் பாலமாக நில்லாவிட்டால் அறுந்த முனைகள் ஒட்டுவது கடினம்.

ஆகவே இன்று பெரும்பாலும் வேறொரு முறையைக் கையாளுகிறார்கள். தொடையின் பின்புறத்திலிருந்தோ, முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ நோயாளியின் சொந்த நாரிலேயே ஒரு பகுதியை எடுத்து, எலும்புகளில் துளை போட்டு, அதற்குள் கோத்து, திருகாணியோ பொத்தானோ வைத்து இறுக்குகிறார்கள். உடம்பின் வேறிடத்துத் திசுவைக் கொண்டு இந்த நாரைப் புதிதாக அமைப்பதை 1917-லேயே பிரிஸ்டல் நகரத்து டாக்டர் ஹே குரோவ்ஸ் செய்து காட்டினார். சிறு துளை வழியாகக் குழாய் விட்டு மூட்டுக்குள் பார்க்கும் கருவியை ஜப்பானிய டாக்டர்களான தகாகியும் வதனபேயும் வளர்த்தெடுத்தார்கள். இப்படிப் பல நாட்டு அறிவும் சேர்ந்து உருவானதுதான் இன்றைய ஆபரேஷன். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கைதேர்ந்த டாக்டர்கள் நமது சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறார்கள். இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தோடு சிகிச்சை முடிந்துவிட்டதா? இல்லை, அப்போதுதான் ஆரம்பமாகிறது!

முதல் நாளே முட்டியை முழுக்க நீட்டப் பழக வேண்டும். தொடைத் தசையை இறுக்கி இறுக்கி விட வேண்டும். குதிகாலைத் தரையில் தேய்த்தபடி முட்டியைச் சிறிது சிறிதாக மடக்க வேண்டும். ஊன்றுகோலோடு நடை, பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடை, பிறகு சைக்கிள், பிறகு மெல்லோட்டம், கடைசியில் குதித்தலும் திரும்புதலும். ஒவ்வொரு படியிலும், "அடுத்த படிக்குக் கால் தயாராகிவிட்டதா?" என்று அளந்து சொல்ல இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முட்டி விறைத்துப்போகும்; தொடை சூம்பிப்போகும். சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிடவும், குந்தி எழவும் முடியாத கால் கிராமத்து வாழ்க்கைக்கு எதற்கு உதவும்?

முன்பெல்லாம் வாரக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். அந்த வழக்கம் மாறிய கதை சுவையானது. இண்டியானாபொலிஸ் நகரத்து டாக்டர் ஷெல்போர்ன், தம் சொல்லை மீறிச் சீக்கிரமே காலை மடக்கி நடந்துவிட்ட நோயாளிகள்தாம் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருப்பதைக் கண்டார். அதை ஒளிக்காமல் 1990-ல் எழுதினார். நோயாளி டாக்டருக்குப் பாடம் சொன்னார், டாக்டர் கற்றுக்கொண்டார். விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறது.

வலி போன காலமே ஆபத்தான காலம்

இங்கேதான் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. புதிதாக வைத்த நார் முதல் நாளிலேயே உயிருள்ள நாராகிவிடுவதில்லை. ரத்த ஓட்டத்திலிருந்து பிரித்தெடுத்த நார் அது. உள்ளே போன பிறகு அதன் பழைய உயிரணுக்கள் மடிகின்றன. புது ரத்தக் குழாய்கள் மெல்ல மெல்ல அதற்குள் புகுகின்றன. புது உயிரணுக்கள் குடியேறுகின்றன. இந்த மாற்றம் நடக்கும் ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரையான காலத்தில்தான் நார் மிகவும் பலவீனமாயிருக்கிறது. ஆனால் அதே காலத்தில்தான் வீக்கம் வடிந்து, வலி நின்று, நடை சீராகி, "நான் தேறிவிட்டேன்" என்று நோயாளிக்குத் தோன்றுகிறது.

நமக்குத் தெரிந்த சுமை தூக்கும் தோழர் ஒருவர் இருக்கிறார். மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றுபவர். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. டாக்டர் மேல் அவருக்கு எந்தக் குறையுமில்லை. இரண்டு மாதம் வீட்டிலிருந்தார். கைமாற்றில் குடும்பம் ஓடியது. பத்தாவது வாரம் சங்க ஆபீசுக்கு வந்தார். "வலியே இல்லை, தோழர். நல்லாத்தான் நடக்கிறேன். இன்னும் எதுக்கு வீட்டிலே உட்காரணும்? மளிகைக் கடையிலே இனிமே கடன் தரமாட்டேங்கிறான்" என்றார். மறுநாள் மூட்டை தூக்கப் போய்விட்டார். மூன்றாம் நாள் லாரிக்குச் சாய்த்த பலகையில் முதுகுச் சுமையோடு திரும்பியபோது, பழைய "டப்" சத்தம் மறுபடியும் கேட்டது.

இது யார் குற்றம்? "டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை" என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதலாம். மளிகைக் கடைக்காரர் பேச்சையும் அவர் கேட்க வேண்டியிருந்ததை எந்தச் சீட்டில் எழுதுவது?

2016-ல் நார்வே, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பின் களத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்டால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் விகிதம் 51 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். இது விளையாட்டுக்காரர்களிடம் எடுத்த கணக்குத்தான். ஆனால் பந்தோடு திரும்புகிற முட்டிக்கும், மூட்டையோடு திரும்புகிற முட்டிக்கும் உள்ளே இருப்பது ஒரே நார்தானே? நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவர் சில வாரத்தில் ஆபீசுக்குப் போகலாம். முதுகில் சுமப்பவர் அப்படிப் போக முடியாது. அதிகக் காலம் தேவைப்படுகிறவரிடம்தான் காலம் குறைவாக இருக்கிறது!

இவர்களுக்குத் தெரியாததல்ல

"ஒரு முட்டிக்காக மாதக்கணக்கில் சம்பளம் கொடுப்பதா? நடக்கிற காரியமா?" என்று சிலர் கேட்கலாம். நடக்கிற காரியம்தான். நடந்துகொண்டும் இருக்கிறது. எங்கே?

கால்பந்து உலகத்தைப் பாருங்கள். பிரேசில் வீரர் நெய்மாருக்கு 2023 அக்டோபர் 17-ந் தேதி உருகுவேக்கு எதிரான ஆட்டத்தில் இந்த நார்தான் அறுந்தது. அவர் மறுபடியும் களத்தில் இறங்கியது 2024 அக்டோபர் 21-ல். ஓராண்டுக்கு மேல்! யாரும் அவரைப் பத்தாவது வாரம் மைதானத்துக்குத் துரத்தவில்லை. ஃபிஃபா என்னும் உலகக் கால்பந்து சம்மேளனம் 2012-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தேசிய அணிக்காக ஆடும்போது ஒரு வீரர் அடிபட்டால், அவருக்குச் சம்பளம் கொடுக்கும் கிளப்புக்கு நாளொன்றுக்கு 20,548 யூரோ வரை, 365 நாள் வரை, ஈடு கொடுக்கும் திட்டம் அது.

அந்த வீரர்கள் மீது நமக்குப் பொறாமையில்லை. அவர்களும் உடம்பை வைத்துப் பிழைப்பவர்கள்தாம். முட்டி தேற ஓராண்டு ஆகும் என்பது பணமுள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறோம். எந்த முட்டியால் கோடிகள் வருகின்றனவோ, அந்த முட்டிக்கு ஓராண்டு தருகிறார்கள். எந்த முட்டியால் ஊருக்கே அரிசி மூட்டை வந்து சேருகிறதோ, அந்த முட்டிக்கு? இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்ற பதில்தான்!

நம் நாட்டில் ஏற்பாடே இல்லையா என்றால், இருக்கிறது. 1948-ம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் தொழிலாளி வர்க்கத்துக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. வேலையில் அடிபட்டால், வேலை செய்ய முடியாத காலம் வரை சம்பளத்தில் 90 சதவீதம் என்பது அதன் வழியே வந்த உரிமை. ஆனால் வேலைக்கு வெளியே, கபடியிலோ சாலையிலோ அடிபட்டால் ஆண்டுக்கு 91 நாள், 70 சதவீதம்தான். அதற்கு மேல் நீட்டித்த உதவி பெரும்பாலும் பட்டியலில் கண்ட நீண்டகால நோய்களுக்கே உரியது. 91 நாள் என்றால் பதின்மூன்று வாரம். நார் தன் பலவீனமான கட்டத்தை அப்போதுதான் தாண்டுகிறது, பணம் நின்றுவிடுகிறது!

அதுவும் இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு. சுமை தூக்குபவருக்கும், வயல் கூலிக்கும், தினக்கூலிக் கொத்தனாருக்கும், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் வாலிபனுக்கும் அந்த அட்டை எங்கே? இவர்களுக்கு இன்சூரன்ஸ் திட்டம் இருக்கிறது என்பார்கள். 2018-ல் வந்த மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டம், வீட்டுக்கு அனுப்பிய பின் 15 நாள் வரையிலான வைத்தியச் செலவை ஏற்கிறது. கால் கேட்பது ஒன்பது மாதம். திட்டம் தருவது பதினைந்து நாள். அதிலும் கூலி நஷ்டத்துக்கு ஒரு பைசாவும் கிடையாது.

கத்திக்குப் பின் கண்காணிப்பு

2022 நவம்பரைத் தமிழகம் மறக்கவில்லை. சென்னையில் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்த 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவருக்குப் புறநகர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் முழங்கால் நார் ஆபரேஷன் நடந்தது. அதன் பின் காலில் போட்ட இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டது. காலை எடுக்க வேண்டி வந்தது. நவம்பர் 15-ந் தேதி உயிரும் போயிற்று. இரண்டு டாக்டர்களை வேலையிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். குடும்பத்துக்கு உதவியும் அறிவித்தார்கள்.

அந்த மரணத்திலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் என்ன? "சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகாதே" என்பது பாடமல்ல. அப்படிச் சொல்பவர்கள் ஏழையைத் தனியார் ஆஸ்பத்திரியின் பில்லிடம் தள்ளிவிடுபவர்கள். ஆபரேஷனுக்குப் பின் விரல் நுனி சில்லிட்டிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, மரத்துப்போனதா, வலி அளவுக்கு மீறிக் கூடுகிறதா என்று மணிக்கு மணி பார்க்கப் போதிய நர்சுகளும் டாக்டர்களும் வார்டில் வேண்டும். "வலிக்கிறது" என்று நோயாளி சொன்னால் உடனே கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். கத்தியோடு சிகிச்சை முடிந்துவிடுவதாக நினைக்கும் மனப்பான்மையும், ஆள் பற்றாக்குறையும் எங்கே சேர்ந்தாலும் ஆபத்துதான்.

கத்தி வேண்டாதவர்களும் உண்டு

இன்னொரு உண்மையையும் ஜனங்களிடம் சொல்ல வேண்டும். நார் அறுந்த அனைவருக்கும் ஆபரேஷன் தேவை என்பதில்லை. ஸ்வீடன் தேசத்தில் 121 வாலிபர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். 62 பேருக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும். 59 பேருக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், இரு பிரிவினரும் தம் முட்டியைப் பற்றிச் சொன்னதில் பெரிய வேற்றுமையில்லை. பயிற்சிப் பிரிவில் 23 பேர்தான் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார்கள். மற்ற 36 பேருக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் அது தேவைப்படவில்லை. 2010-ல் வெளியான முடிவு இது.

முட்டி அடிக்கடி வழுக்குகிறவருக்கும், திரும்பித் திரும்பி உழைக்க வேண்டியவருக்கும் ஆபரேஷன் நல்லது. அதைத் தள்ளிப்போட்டால் குருத்தெலும்பு கெடும். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். ஆனால் கத்தி வைத்தாலும் வைக்காவிட்டாலும் பயிற்சி இல்லாமல் முடியாது. பயிற்சி தர ஆளில்லாத ஊரில், "ஆபரேஷனா, பயிற்சியா?" என்று நோயாளியைக் கேட்பது வெறும் பேச்சு. ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் பணம் வருகிறது; மாதக்கணக்கான பயிற்சிக்கு வருவதில்லை. பணம் எந்தப் பக்கம் பாய்கிறதோ, நோயாளியையும் அந்தப் பக்கமே தள்ளுவார்கள் என்பதைச் சொல்லவா வேண்டும்?

நாம் கேட்பது என்ன?

முதலாவதாக, சம்பளத்துடன் கூடிய ஓய்வு. இ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்கு 91 நாளோடு நிறுத்தாமல், கால் அவரவர் வேலைக்குத் தகுதியாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை உதவித்தொகை வேண்டும். இ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ள உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு நல வாரியங்கள் மூலம் தேறுதல் காலக் கூலி வேண்டும்.

இரண்டாவதாக, வீட்டுக்கு அருகில் பயிற்சி. தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், வீடு தேடிச் சென்று இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். நல்ல வழி அது. ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் என்றால் எத்தனை வீட்டுக்குத்தான் போவார்? ஆரம்ப சுகாதார நிலையம் தோறும் இயன்முறை சிகிச்சையாளர் வேண்டும். வாரம் மூன்று முறை பஸ்ஸேறி ஜில்லாத் தலைநகருக்குப் போ என்றால், பஸ் சார்ஜும் அன்றைய கூலியும் யார் தருவது?

மூன்றாவதாக, இலேசான மாற்று வேலை. கால் தேறும் காலத்தில் மூட்டை எண்ணுவது, சீட்டு எழுதுவது போன்ற வேலையைச் சம்பளம் குறையாமல் தர முதலாளி கடமைப்பட வேண்டும். வேலையிலிருந்து நீக்கக் கூடாது.

நான்காவதாக, கணக்கு. சர்க்கார் செலவில் நடக்கும் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஓராண்டு கழித்து, "இவர் பழைய வேலைக்குத் திரும்பினாரா? முட்டி முழுக்க மடங்குகிறதா?" என்று கேட்டு எழுத வேண்டும். நார்வே 2004-லிருந்து முழங்கால் நார் ஆபரேஷன்களுக்குத் தேசியப் பதிவேடு வைத்திருக்கிறது. எத்தனை ஆபரேஷன் செய்தோம் என்று பெருமை பேசினால் போதாது. எத்தனை கால் தேறியது என்று சொல்ல வேண்டும்.

"பணம் எங்கே?" என்பார்கள். மறுபடி அறுந்த நாருக்கு இரண்டாவது ஆபரேஷன் செய்யப் பணம் இருக்கிறதல்லவா? முப்பது வயதில் உழைப்பை இழந்த குடும்பத்தின் நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்? ஒன்பது மாதக் கூலி, ஒரு வாழ்நாள் உழைப்பைவிட மலிவு.

தொழிற்சங்கங்களாகிய நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். போனஸ், பஞ்சப்படி என்று கோரிக்கைப் பட்டியல் எழுதும் நாம், தேறுதல் காலக் கூலி என்ற ஒரு வரியை எத்தனை முறை எழுதியிருக்கிறோம்? ஒரு தோழருக்கு ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரிக்குப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போகிறோம். பத்தாவது வாரம் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கப் போகிறோமா?

சுமை தூக்கும் அந்தத் தோழர் இப்போது இரண்டாவது ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார். இந்தத் தடவை சங்கம் ஒரு நிதி திரட்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்குப் போதும். மீதி மூன்று மாதத்துக்கு யார் பொறுப்பு? அந்தப் பொறுப்பைச் சர்க்காரும் முதலாளிகளும் ஏற்கும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.